ஆர்பிங்டன் கோழி வருடம் 200 முட்டை இடுமா?

2024 பிப்ரவரி 11 (இங்கிலாந்தின் லெஸ்டர் நகர வாசகரின் கேள்வி)

போன இலையுதிர் காலத்தில் ஒரு கோழிச் சந்தையில் மூன்று பஃப் (பொன்மஞ்சள் நிற) ஆர்பிங்டன் பெட்டைகள் வாங்கினேன். தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கின்றன. குழந்தைகள் இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை. ஆனால் கூண்டில் தொங்கிய அட்டையில் "வருடம் 200 முட்டை" என்று எழுதியிருந்தார்கள். இதுவரை மூன்றும் சேர்ந்து இட்டது ஒரு டஜனைத் தாண்டாது. பக்கத்து வீட்டுக்காரரின் பழுப்பு ஹைப்ரிட் (கலப்பின) கோழி தினமும் இடுகிறது. குறை என்னிடமா, கோழியிடமா, அட்டையிலா? இவற்றை வைத்துக் குஞ்சு பொரிக்கவும் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 11, இரவு

அட்டையில். மீதியை நாளை எழுதுகிறேன், கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுக்கிற நேரம்.

2024 பிப்ரவரி 12

முதலில் உங்கள் கோழியைப் பழி சொல்வதை நிறுத்துங்கள். இது பிப்ரவரி. பெட்டை ஒழுங்காக முட்டையிட ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரம்தான். ஹைப்ரிட் கோழி அதையும் மீறி இடும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. ஆர்பிங்டன் கனத்த உடம்புக்காரி, மெதுவாக வளருவாள். முதல் முட்டைக்கே ஆறேழு மாதம் ஆகும். கோடைக் கடைசியில் பொரித்த குஞ்சாக இருந்தால் வசந்தம் வரை வாய் திறக்கமாட்டாள். ஏப்ரல் வரை தீர்ப்பு எழுதாதீர்கள்.

இரண்டாவது, உங்களிடம் இருப்பது எந்த வழி, அதாவது எந்தப் பரம்பரை? ஆர்பிங்டன் என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு கோழிகள் விற்கிறார்கள். ஒன்று கண்காட்சிக்காக வளர்த்த வழி, இன்னொன்று முட்டைக்காக வைத்திருக்கும் வழி. பக்கவாட்டில் நின்று பாருங்கள். காலின் முட்டிக்குக் கீழே நன்றாகத் தெரிகிறதா, முகத்தில் கண் தெளிவாகத் தெரிகிறதா? அப்படியென்றால் முட்டைக் கோழியாக இருக்க வாய்ப்புண்டு. வயிற்று இறகு தரையைத் தொடுகிறது, கண் இறகுக்குள் புதைந்திருக்கிறது என்றால் அது ஷோ கோழி. நல்ல முட்டை வழியில் 170, 180 வரை எதிர்பார்க்கலாம். ஷோ வழியில் நூறு வந்தாலே கும்பிடு போடலாம்.

நீங்கள் தலையணை என்று எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

2024 பிப்ரவரி 18

"ஒரே இனம் எப்படி இரண்டாகும்?" என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இது என் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

நான் இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்டில் இருக்கிறேன். ஆர்பிங்டன் என்ற ஊர் பக்கத்தில்தான். 1965-இலிருந்து அது லண்டனின் பிராம்லி பகுதிக்குள் போய்விட்டது. அதற்கு முன் கென்ட் கிராமம். அங்கே வில்லியம் குக் என்ற குதிரை வண்டிக்காரர் இருந்தார். மினார்க்கா, லாங்ஷான், பிளைமவுத் ராக் என்ற மூன்று கோழி இனங்களையும் கலந்து 1886-இல் கறுப்பு ஆர்பிங்டனைக் கொண்டுவந்தார். ஏன் கறுப்பு? லண்டன் பக்கத்துக் கரிப்புகையில் அழுக்குத் தெரியாது என்பதற்காக என்று சொல்வார்கள். முட்டையும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வெள்ளைத் தோல் இறைச்சியும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே கோழி. அதுதான் அவர் கணக்கு. வெள்ளை 1889-இல் வந்தது, பஃப் 1894-இல். விக்டோரியா ராணியின் வைர விழா வருடமான 1897-இல் ஜூபிலி ஆர்பிங்டன் என்று ஒன்றை இறக்கிவிட்டார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

குக்கின் கோழி புழக்கத்துக்கு வந்த சில வருடங்களிலேயே ஜோசஃப் பார்ட்டிங்டன் என்பவர் லாங்ஷானையும் கொச்சின் என்ற இறகு மிகுந்த கோழி இனத்தையும் சேர்த்து, இறகு பொங்கும் பெரிய கறுப்புக் கோழியைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். நடுவர்கள் மயங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பரிசு எல்லாம் இறகுக்கே. கொச்சின் இறகோடு கொச்சினின் சோம்பலும் சேர்ந்தே வந்தது.

குக்கின் பழைய வழி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. அங்கே இறகைப் பற்றிக் கவலைப்படாமல் முட்டையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1922-23இல் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டைகள் இட்டு உலக சாதனை படைத்தன. தலைக்கு 309.5. அந்தக் கோழிக்கு இன்று ஆஸ்ட்ரலார்ப் என்று பெயர். ஒரே ரத்தம்தான். வளர்த்தவன் எதைப் பார்த்துப் பரிசு கொடுத்தானோ அது வந்தது.

2024 பிப்ரவரி 19

நேற்றுப் போட்டதற்கு லிங்கன்ஷயரிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பஃப் ஆர்பிங்டனைக் குக் உருவாக்கவில்லை, எங்கள் ஊர்ப் பண்ணைக் கோழியைத்தான் பெயர் மாற்றி விற்றார் என்கிறார். இந்தச் சண்டை குக் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே நடக்கிறது. ஹாம்பர்க், டார்க்கிங், கொச்சின் மூன்று இனங்களைக் கலந்தேன் என்று குக் சொன்னார். அதே ரகக் கோழி லிங்கன்ஷயர் பஃப் என்ற பெயரில் சந்தையில் ஏற்கெனவே இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் டார்க்கிங் ரத்தம் உண்டு. லிங்கன்ஷயர் பஃபுக்கு இன்றும் டார்க்கிங் மாதிரியே காலில் ஐந்து விரல். 1920களில் மங்கிப்போய், 1980களில் மறுபடி உருவாக்கப்பட்ட இனம் அது. நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. 1904-இல் குக் இறந்துவிட்டார், கேட்கவும் முடியாது.

2024 மார்ச் 24

லெஸ்டரில் முட்டை வர ஆரம்பித்துவிட்டதாம். வாரத்துக்கு மூன்று பெட்டையும் சேர்ந்து எட்டு, ஒன்பது. ஷோ வழிக்கு அது மோசமில்லை.

சேவல் சேர்ப்பது பற்றி. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுக் கணக்கு. மூன்று பெட்டைக்கு ஒரு ஆர்பிங்டன் சேவல் விட்டால் அவற்றின் முதுகில் இறகே மிஞ்சாது. நாலரை கிலோ கனம் ஏறி மிதிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தினமும் சில மணி நேரம் மட்டும் சேர்த்து விடுங்கள், அல்லது பெட்டைக்கு முதுகுத் துணி கட்டுங்கள்.

சேவல் மிதிப்பதைப் பார்த்துவிட்டு முட்டை கருக்கூடிவிட்டது என்று எண்ணவேண்டாம். இந்த இனத்தில் பின்பக்கத்து அடர்ந்த தூவியே பெரிய தடை. வசந்தத்தில் சேவல், பெட்டை இரண்டுக்கும் துவாரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். நுனி மழுங்கின கத்தரி போதும், தோல் மெல்லியது, கவனம். நான் கத்தரிக்காமல் விட்ட பெட்டையின் முட்டைகளில் பாதிக்கு மேல் கூழ்முட்டையாகப் போகும். கத்தரித்தால் அதே பெட்டை, அதே சேவல், அடுத்த அடையில் எல்லாம் கரு கட்டும்.

ஷோ பார்க்கிறவர்கள் கத்தரிக்க மாட்டார்கள், அழகு போய்விடும். அதனால் இனப்பெருக்கத்துக்கு என்று தனியாக வைத்துக்கொள்வார்கள்.

2024 ஏப்ரல் 7

தபாலில் குஞ்சு முட்டை வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் பாதி போனால் அழக்கூடாது. தபால் வண்டியில் குலுங்கி முட்டைக்குள் இருக்கும் காற்றறை கழன்றுவிடும். வந்ததும் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் இன்குபேட்டரில் ஏற்றுங்கள். காற்று சுழலும் இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி. 18-ஆம் நாள் வரை திருப்பவேண்டும், அதற்குப் பிறகு கை வைக்கக்கூடாது, ஈரப்பதத்தைக் கூட்டவேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூலாக ரத்தக் குழாய் தெரியும். தெரியாததை எடுத்துவிடுங்கள், வெடித்தால் அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போகாது.

கடைசி மூன்று நாளில் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆள்தான் குஞ்சுகளுக்குப் பெரிய எதிரி. என் வீட்டில் அந்த ஆள் யார் என்று எழுதினால் இன்று இரவு எனக்குச் சோறு கிடையாது.

2024 மே 5

அடைக்கோழி விஷயம். ஆர்பிங்டன் பெட்டை அடை படுப்பதற்கென்றே பிறந்தவள். மே மாதம் வந்தால் என் கூண்டில் ஏதாவது ஒன்று முட்டைப் பெட்டியில் தட்டையாக உட்கார்ந்து, கையை நீட்டினால் உறுமும். குஞ்சு வேண்டுமென்றால் இதைவிட நல்ல இன்குபேட்டர் கிடையாது. பெரிய உடம்பு, பத்துப் பன்னிரண்டு முட்டையைத் தாராளமாக மூடும். ஒரே தொல்லை, கனம். உள்ளே வரும்போது முட்டையை மிதித்து உடைப்பாள். பெட்டியைத் தரையோடு வைத்து, மெத்தென்று வைக்கோல் போடுங்கள்.

அடை வைக்கும்போது எங்கள் அப்பத்தா கூடையில் ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் வைப்பார், இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க. நானும் வைக்கிறேன். கென்டில் பெரிதாக இடி இடிப்பதில்லை, எனவே முறை நூறு சதவீதம் பலிக்கிறது.

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் அடை தெளிய வைக்கவேண்டும். அடியில் காற்று புகும் கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தண்ணீரும் தீவனமும் வைத்து மூன்று நான்கு நாள். வயிற்றுச் சூடு இறங்கினால் எழுந்துவிடும். ஊரில் செய்கிற மாதிரி மூக்கில் இறகு செருகுவதோ தண்ணீரில் முக்குவதோ வேண்டாம். இங்கே அது விலங்குவதை. ஊரிலும் அதுதான், கேட்க ஆள் இல்லை.

2024 மே 6

சேலத்து அண்ணன் ஒருவர் "மிச்சம் மீதிச் சோறு, குழம்பு போடுங்கள் தம்பி, கோழி நன்றாக இடும்" என்று எழுதியிருக்கிறார். அண்ணா, இங்கே அது சட்டப்படி குற்றம். 2001-இல் கோமாரி நோய் வந்து நாடே ஆடிப்போன பிறகு சமையலறைக் கழிவை வளர்ப்பு விலங்குகளுக்குக் கொடுப்பதற்குத் தடை. கொல்லைக் கோழிக்கும் சேர்த்துத்தான். முழு வீகன் சமையலறை என்றால் விலக்கு உண்டு. மோரும் ஆம்லெட்டும் புழங்கும் நம் வீட்டில் அதற்கு வழியில்லை. கேரட் தோல்கூட அடுப்படிக்குள் போய்த் திரும்பினால் போடக்கூடாது. தோட்டத்திலிருந்து நேரே கொண்டுபோய்ப் போடும் கீரைக்குத் தடையில்லை. எனவே கூண்டுக்குப் பக்கத்திலேயே முட்டைக்கோஸ் வைத்திருக்கிறேன்.

2024 ஜூன் 9

நிறம் பற்றி ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: நீல ஆர்பிங்டன் ஜோடி என்று நல்ல விலை கொடுத்து வாங்கினாராம், பொரித்த குஞ்சில் கறுப்பும் வெள்ளைத் திட்டும் வருகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று. ஏமாற்றவில்லை அக்கா. நீலம் என்பது ஒரு மரபணு ஒற்றையாக இருந்தால் வருவது. இரட்டையாக இருந்தால் ஸ்ப்ளாஷ், அதுதான் அந்த வெள்ளைத் திட்டு. இல்லவே இல்லை என்றால் கறுப்பு. நீலத்தோடு நீலம் சேர்த்தால் சராசரியில் பாதி நீலம், கால் கறுப்பு, கால் ஸ்ப்ளாஷ். எல்லாமே நீலமாக வேண்டும் என்றால் கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் சேருங்கள். அந்தத் திட்டுக் குஞ்சைத் தள்ளிவிடாதீர்கள், அடுத்த வருடம் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

லாவெண்டர் என்ற வெளிர் சாம்பல் நிறம் வேறு கதை. அது ஒடுங்கு மரபணு, லாவெண்டரோடு லாவெண்டர் சேர்த்தால் எல்லாம் லாவெண்டர். ஆனால் தலைமுறை தலைமுறையாக அப்படியே போனால் வால் இறகு நைந்து கிழிகிறது. இடையிடையே நல்ல கறுப்பைச் சேர்க்கவேண்டும்.

எனக்குப் பிடித்தது சாக்லேட். டாக்டர் கிளைவ் கேர்ஃபுட் என்ற கோழி வளர்ப்பாளர் இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த நிறம். இந்த மரபணு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. சாக்லேட் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சு எல்லாம் சாக்லேட், சேவல் குஞ்சு எல்லாம் கறுப்பு. பொரித்த அன்றே ஆண், பெண் தெரிந்துவிடும். மாற்றிச் சேர்த்தால் இந்த வசதி இல்லை, எல்லாம் கறுப்பாகவே வரும்.

2024 ஜூலை 14

கோழிச்செல், அதாவது கோழியின் ரத்தம் குடிக்கும் சிறு பூச்சி. சிவப்புச் செல் பகலில் கோழிமேல் இருக்காது. மரப்பலகை இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி ஏறிக் குடிக்கும். இரவில் டார்ச்சோடு போய்ப் படுக்கைக் கட்டையின் நுனியில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புக் கறை வந்தால் இருக்கிறது. பிளாஸ்டிக் கூண்டு இதற்கு நல்லது, அழகு இல்லாவிட்டாலும். கோழிமேலேயே தங்கும் செல்லும் பேனும் வேறு உண்டு. ஆர்பிங்டனின் தூவிக்குள் அவை குடித்தனம் நடத்துவது வெளியே தெரியவே தெரியாது.

இன்னொரு அபாயம். இந்த இறகுக்குள் கோழி மெலிந்து எலும்பானாலும் உருண்டையாகவே தெரியும். வாரம் ஒருமுறை தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனையாகத் தட்டினால் ஏதோ நோய்.

படுக்கைக் கட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். குதித்துக் குதித்து உள்ளங்கால் வீங்கிச் சீழ் கட்டும்.

2024 ஜூலை 21

சேலத்து அண்ணன் மறுபடி. முட்டை கொண்டுவர முடியுமா, அங்கே பொரித்துப் பார்க்கலாம் என்கிறார். வேண்டாம் அண்ணா. இறக்குமதிச் சிக்கலை விடுங்கள், வெயிலை யோசியுங்கள். 2022 ஜூலை 19-ஆம் தேதி லிங்கன்ஷயர் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது, இந்த நாட்டின் உச்சம். அன்று கென்டில் என் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஐஸ் தண்ணீரில் காலை நனைத்து, விசிறி வைத்துத்தான் காப்பாற்றினேன். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயால்தான் சூட்டை விடவேண்டும். அந்த வெயில் எங்களுக்குச் சரித்திரம், உங்களுக்கு ஏப்ரல் மாதம்.

அந்த ரத்தம்தான் வேண்டும் என்றால் அது ஏற்கெனவே உங்கள் பக்கம் வந்துவிட்டது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கிராமலட்சுமி என்ற கோழி ஆஸ்ட்ரலார்ப்பும் வெள்ளை லெகார்ன் இனமும் கலந்தது. குக்கின் கோழியின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, உங்கள் சிறுவிடை நாட்டுக்கோழியே போதும். அதன் இறகு உங்கள் ஊருக்கு என்று தைத்தது.

2024 செப்டம்பர் 15

எல்லாருக்கும் நினைவூட்டல்: அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். ஸ்காட்லாந்தில் இந்த மாதம் 1-ஆம் தேதியே வந்துவிட்டது. பறவைக் காய்ச்சல்தான் காரணம். இங்கிலாந்தில் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை கோழியை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கூரை இல்லாத கூண்டு வைத்திருந்தவர்கள் அலைந்த அலைச்சல்! இப்போதே கூரை போட்டுவிடுங்கள். ஆர்பிங்டனுக்கு அது எப்படியும் வேண்டும். நனைந்த தூவி, களிமண் சேறு, இரண்டும் சேர்ந்தால் குளிர்காலம் முழுக்கக் கோழி கழுவுவதே வேலை.

2024 அக்டோபர் 20

இளஞ்சேவல்களை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். பொரிப்பதில் பாதி சேவல். குஞ்சுப் படம் போட்டால் நூறு பேர் வருவார்கள், ஆறாம் மாதம் நாலு சேவல் விடியற்காலை நாலரைக்குக் கூவும்போது ஒருவரும் வரமாட்டார்கள். விற்க முடியாது, இலவசமாகவும் போகாது.

சொந்த வீட்டில், சொந்தக் கோழியை, வதைக்காமல், குடும்பத்துக்காக அறுக்கலாம். விற்கக்கூடாது. நான் அப்படித்தான். கறி வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். நாட்டுக்கோழிக் குழம்பின் கடினம் கிடையாது, எனவே மசாலாவைக் குறைத்து, மிளகு போட்டு வறுப்பது நல்லது. இது முடியாது என்பவர்கள் பொரிக்கவே கூடாது, பெட்டையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், தெரியும்.

2024 நவம்பர் 17

பிப்ரவரியில் எழுதியதை மறுபடி படித்தேன். ஷோக்காரர்கள்தான் இந்தக் கோழியைக் கெடுத்தார்கள் என்கிற தொனி இருக்கிறது. முட்டை விஷயத்தில் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் போன நூற்றாண்டின் நடுவில் ஹைப்ரிட் வந்து பண்ணைகள் பழைய இனங்களைக் கைகழுவியபோது, இந்தக் கோழியைக் கொல்லையில் வைத்துக் காப்பாற்றியது யார்? பரிசுக் கோப்பைக்கு ஆசைப்பட்ட அதே ஆட்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் நான் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. என் முதல் சேவலே ஒரு ஷோக்கார முதியவர் கொடுத்தது. காசு வாங்கவில்லை, கோழியைக் குளிப்பாட்டுவது எப்படி என்று அரைநாள் பாடம் எடுத்துத்தான் விட்டார்.

2024 டிசம்பர் 8

லெஸ்டர் நண்பர் கணக்கு அனுப்பியிருக்கிறார். மார்ச் முதல் நவம்பர் வரை மூன்று பெட்டையில் ஒன்று மட்டும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குக் கிட்ட இட்டிருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார் என்றால் முட்டையின் நிறம். ஒன்று இடுவது வெளிர், ஒன்று கொஞ்சம் ரோஜா, ஒன்று புள்ளி. அருமையான வேலை. அந்தப் பெட்டைதான் உங்கள் இனப்பெருக்கக் கோழி. அவள் கண்ணைப் பார்த்தால் மற்ற இரண்டைவிட இறகு குறைவாக இருக்கும், பந்தயம்.

சேவலையும் அதிகம் இடும் பெட்டையின் மகனாகப் பார்த்து எடுங்கள். முட்டையைச் சேவல் இடுவதில்லை, ஆனால் பாதி மரபை அவன்தான் கொடுக்கிறான். அவன் அம்மா எப்படி இட்டாள் என்று விற்பவரிடம் கேளுங்கள். "கோப்பை வாங்கினாள்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

2024 டிசம்பர் 9

அவர் பதில்: இறகு குறைவுதான். சந்தையில் மூன்றில் இது மட்டும் சுமார் என்று மனைவி வேண்டாம் என்றாராம்.

2025 பிப்ரவரி 2

குஞ்சு முட்டை கேட்டு எழுதியிருப்பவர்களுக்கு மொத்தமாகப் பதில். நேற்றுத்தான் பழைய சேவலை விலக்கிவிட்டுப் புதியவனை விட்டிருக்கிறேன். பழையவனின் வித்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும், அதுவரை எந்தக் குஞ்சு யாருடையது என்று சொல்ல முடியாது. எனவே மார்ச் முதல் வாரம் வரை முட்டை எல்லாம் எங்கள் வீட்டு ஆம்லெட்டுக்கு. அதற்குப் பிறகு பஃப் மட்டும் ஆறு ஆறாகத் தருகிறேன், நேரில் வந்து எடுத்துக்கொள்ளவேண்டும், தபால் கிடையாது. வரும்போது அட்டைப்பெட்டி கொண்டுவாருங்கள்.